ஆளுயர மாலை

“உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மாலையைப் போட்டு நடுக்கூடத்துலே உட்கார வச்சுட்டே வத்சலா. இனிமே அந்தக் கூடத்துலே நான் எப்படி உட்காருவேன், சொல்லு.”

இதேதான் சகாயம். ஒரு எழுத்து நான் கூட்டலை, குறைக்கலை. எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னது. நான் சும்மா விடுவேனா? மாலை செத்தவங்களுக்கு மட்டுமா போடறாங்க, கல்யாணத்துலே போடலையா, மந்திரி வந்தா போடலையா, நம்ம தெருவிலேயே மாசக் கடைசி ஆனா வீட்டுக்கு வீடு மாலையும் கழுத்துமா வந்து இறங்கலையான்னு கேட்டேன். அதுக்கு அவர் பதில் சொல்லியிருந்தா சண்டை முழுசா நடந்து முடிஞ்சிருக்கும். பாதியிலே எழுந்துபோய் மாடிப்படியிலே உட்கார்ந்தவர்தான். இன்னிக்கு வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கார். சாப்பாட்டுத் தட்டைக்கூட அங்கேதான் எடுத்துக்கிட்டுப் போறார். வீட்டுக்கு வர்றவங்க கேட்டா, படியிலே நல்லா காத்து வருதுன்னு நான் சொல்றேன். நம்ம திருச்சி வெயில்லே படியிலே என்ன காத்து வரும்? கேக்கறவங்களுக்கும் தெரியும்.

இல்லை, தண்ணி வேண்டாம். நீங்க எழுந்திருக்காதீங்க. கையிலே இருக்கிற வேலையைப் பாருங்க, காதை மட்டும் கொடுங்க. காட்டூர்லேர்ந்து பொன்மலைப்பட்டிக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன், சொல்லிட்டுத்தான் போவேன். உங்க வீட்டுக்காரர் சூசை அண்ணன் எங்கே? வெளியே போயிருக்கார்ங்கறீங்க. சரி. வாசல்லே அவர் செருப்பு கிடக்கு. வேறே செருப்பு போட்டுக்கிட்டுப் போயிருப்பார்.

அண்ணன் உங்ககிட்டே எல்லாம் சொல்லியிருப்பார். எப்படிச் சொன்னாரோ. அன்னிக்கு நீங்க வரலை இல்லையா, அதனாலே உங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். உங்களைக் கூப்பிடக்கூடாதுன்னு இல்லை சகாயம். எங்க கூடம் சின்னது. நாற்காலி கணக்குப் பார்த்துத்தான் வாடகைக்கு எடுத்தேன்.

முதல்லேர்ந்து சொல்றேன். கம்பெனியிலே மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டு உட்கார வச்சு, ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’னு அடிச்ச தாள்லே கையெழுத்து வாங்கினாங்களே, அன்னிக்கு இவர் நேரம் கெட்ட நேரத்துலே வீட்டுக்கு வந்தார். உங்க வீட்டுக்காரரும் அதே பெஞ்சிலேதானே உட்கார்ந்திருந்தார். உங்ககிட்டே வந்து என்ன சொன்னாரோ, நீங்க என்ன கேட்டீங்களோ. இவர் ஷூவைக்கூடக் கழட்டாம, “ஐடி கார்டைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க வத்சலா, பின்பக்கக் கேட் வழியா அனுப்பினாங்க”ன்னார். நான், “தெருவிலே யார்கிட்டயாவது சொன்னீங்களா?”ன்னு கேட்டேன்.

சாப்பிட்டீங்களான்னும் கேட்டேன். கேட்காம இல்லை. அதுக்கு அப்புறம் கேட்டேன்.

அவர் சோபாவிலே உட்கார்ந்து முகத்தைக் கையாலே மூடிக்கிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். அதுக்குள்ளே அவர் கையை எடுத்துட்டார். எங்க கான்வென்ட்லே சிஸ்டர்கள் எங்களுக்கு ரெண்டு விஷயம் நல்லா சொல்லிக் கொடுத்தாங்க. முதுகை நேரா வச்சு உட்காரணும், அழறதானா பாத்ரூமிலே போய் அழணும். நான் அப்படியே வளர்ந்தவ. ஓசூர்லே வேலை பாக்கிற என் பொண்ணு போன்லே, “அம்மா, அப்பாவை ஒரு நாள் அழ விட்டிருக்கலாம்”ங்கறா. அழறதுக்கு என்ன இருக்கு, யாராவது செத்தா போயிட்டாங்கன்னு கேட்டேன். அவ போனை வச்சுட்டா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே கிடையாது.

இப்போ எங்க தெருவைப் பத்திச் சொல்லணும். அது புரிஞ்சாத்தான் நான் செஞ்சது புரியும். எங்க தெருவிலே பாதிப் பேர் பெரிய கம்பெனி. கவர்ன்மென்ட் கம்பெனி. ரிட்டயர் ஆகிற அன்னிக்குக் கூட வேலை பாத்தவங்க எல்லாம் காரிலே கொண்டுவந்து வீட்டிலே விடுவாங்க. கழுத்துலே ஆளுயரத்துக்குச் சம்பங்கி மாலை, தோள்லே பொன்னாடை. வாசல்லே சம்சாரத்துக்கும் ஒரு மாலை போடுவாங்க. ஆரத்தி எடுத்து உள்ளே அழைச்சு உட்கார வச்சு, யாராவது ஒருத்தர் அவரைப் பத்தி நாலு வார்த்தை நல்லதா பேசுவாங்க, அவர் பதிலுக்குப் பேசுவார், அப்புறம் கேசரி, போண்டா, காபி. மாசக் கடைசி நாள்லே எங்க ஏரியாப் பூக்கடையிலே கூட்டம் அள்ளும். என் ஓரகத்தி காஞ்சனா வீட்டுக் கூடத்துலே அவங்க ரெண்டு பேரும் மாலையோட நிக்கிற படம் இவ்வளவு பெரிசுக்கு மாட்டியிருக்கு. போகிற போதெல்லாம் அதுக்கு எதிர்த்த நாற்காலியிலேதான் என்னை உட்காரச் சொல்லுவா.

இவர் வேலை பார்த்தது பிரைவேட். பெரிய கம்பெனிக்குப் பாய்லர் சாமான் செஞ்சு கொடுக்கிற கம்பெனி. வெல்டிங் இன்ஸ்பெக்டர்னா தெருவிலே யாருக்குத் தெரியும்? வெல்டு வச்ச இடத்தை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தை வெளிச்சத்துலே பிடிச்சுப் பார்த்து, இது சரி, இது சரியில்லைன்னு சொல்றவர்னு நான் விளக்கினா, காஞ்சனா, “ஓ, ஆஸ்பத்திரி மாதிரியா”ம்பா. இத்தனை வருஷம் நானும் மத்தவங்க வாசல்லே நின்னு கை தட்டிக் கேசரி சாப்பிட்டுட்டுத்தானே வந்தேன். இவருக்கும் ஒரு நாள் வரும்னு இருந்தேன். வராதுன்னு ஆயிடுச்சு. நானே வர வச்சேன். இதிலே என்ன தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லலை. யாரும் என்கூடப் பேசவும் இல்லை, அது வேறே.

விஆர்எஸ் வாங்கிக்கிட்டார், உடம்புக்கு ஓய்வு வேணும்னு அவரே முடிவு பண்ணிட்டார்னு தெருவிலே சொன்னேன். மாசக் கடைசிக்கு நாள் குறிச்சேன். இவர் வேண்டாம்னுதான் சொன்னார். சொன்னார்னா, “வேண்டாமே”ன்னார். வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அது வேண்டாம். வேண்டாமேன்னா அது யோசிக்கலாம்னு அர்த்தம். முப்பது வருஷமா குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா?

மாலை சொல்லியாச்சு, கார் சொல்லியாச்சு. கொண்டுவந்து விடறதுக்கு ஆள் வேணும். கம்பெனியிலே இன்னும் வேலையிலே இருக்கிறவங்களுக்குப் போன் போட்டேன். ஒருத்தருக்கு ஷிஃப்ட், ஒருத்தருக்கு மாமியார் சீரியஸ். பயம். மேனேஜர் காதுக்குப் போயிடுமோன்னு பயம். அப்போதான் உங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. தினம் காலையிலே எங்க வாசல்லே வண்டியை நிறுத்தி ரெண்டு ஹாரன் அடிச்சு இவரை ஏத்திக்கிட்டுப் போனவர். காது கிழியற ஹாரன். நான்தான் ஒரு தடவை சொல்லி அனுப்பினேன், படிச்சவங்க இருக்கிற தெரு, ஹாரன் அடிக்க வேண்டாம், மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கன்னு. மறுநாள்லேர்ந்து மிஸ்டு கால்தான். சொன்னா கேட்டுக்கிற மனுஷன்.

போன் பண்ணினேன். “அதுக்கென்ன அண்ணி, குருவுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது”ன்னார். இவர் பேரு குமரகுரு, அண்ணன் மட்டும்தான் குருன்னு கூப்பிடுவார். கூட வேலை பார்த்த ரெண்டு பேரையும் அழைச்சுக்கிட்டு வரேன்னார். அந்த ரெண்டு பேரும் அதே தாள்லே கையெழுத்துப் போட்டவங்கதான். எனக்குத் தெரியும். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் நான் ஒண்ணு சொன்னேன். அதைத்தான் அண்ணன் உங்ககிட்டே சொல்லியிருப்பார்.

யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வாங்கன்னு சொன்னேன்.

கம்பெனியிலேர்ந்து நேரா வந்த மாதிரி இருக்கும்னுதான். கார்டைத்தான் வாங்கிக்கிட்டாங்க, சட்டையை வாங்கலையே. லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு அலோ அலோன்னேன். “சரி அண்ணி, தோய்ச்சுப் போட்டுக்கிட்டு வரேன்”ன்னார்.

நீங்கதானே தோய்ச்சுக் கொடுத்தீங்க?

சரி, அதை விடுங்க. அன்னிக்கு இவரை எங்கேர்ந்து அழைச்சுக்கிட்டு வர்றது? கம்பெனி வாசலுக்குப் போக முடியாது. துவாக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கில்லையா, அங்கே போய் மதியத்துலேர்ந்து உட்கார்ந்திருங்கன்னு இவரை அனுப்பிட்டேன். சாயங்காலம் அண்ணனும் மத்த ரெண்டு பேரும் காரை எடுத்துக்கிட்டு அங்கே போய், பேக்கரி ஓரத்துலே நிறுத்தி, இவருக்கு மாலை போட்டு ஏத்தியிருக்காங்க. பேக்கரிக்காரர் பஃப்ஸ் கொடுத்துக் காசு வாங்க மாட்டேன்னுட்டாராம், ரிட்டயர் ஆகிற நாளாச்சேன்னு. டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சிரிச்சேன்.

கார் தெருவிலே திரும்பினபோது எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. காஞ்சனாவும் வந்தா. இவர் இறங்கினார். ஆளே தெரியலை, மாலைதான் தெரிஞ்சது. எனக்கும் ஒரு மாலை போட்டாங்க. உங்க வீட்டுக்காரர்தான் தட்டுலே வச்சு நீட்டினார். அந்த நிமிஷம் நான் சந்தோஷமாத்தான் இருந்தேன் சகாயம். பொய் சொல்ல மாட்டேன். அது பொய்னு தெரிஞ்சே சந்தோஷமா இருந்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தாங்க. இத்தனை வருஷம் எங்க வாசலோடே திரும்பிப் போன மனுஷன், அன்னிக்குத்தான் முதல் தடவையா கூடத்துக்குள்ளே வந்தார். நான் கூப்பிட்டதில்லைன்னு நினைக்காதீங்க, காலையிலே அவருக்கு எங்கே நேரம்? நாலு வார்த்தை பேசுங்க அண்ணேன்னு நான்தான் எழுப்பி விட்டேன். யூனிஃபார்மை நல்லா இஸ்திரி போட்டிருந்தார். பாக்கெட்டுக்கு மேலே கம்பெனி பேர் பளிச்சுனு இருந்தது. மெதுவாத்தான் பேசினார். சேர்ந்த புதுசிலே வெல்டர் சூசை அண்ணன் வச்ச வெல்டை இவர் எக்ஸ்ரேயிலே பார்த்துத் தள்ளுபடி பண்ணிட்டாராம். அண்ணனுக்குக் கோபம். ராத்திரியோட ராத்திரியா அதைப் பிரிச்சு மறுபடியும் வச்சாராம். இவர் பக்கத்துலேயே நின்னாராம், வீட்டுக்குப் போகாம. “அன்னிலேர்ந்து குரு பார்த்துச் சரின்னு சொல்லாத எதையும் நான் சரின்னு நினைச்சதில்லை”ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. பேசினதெல்லாம் உண்மை. அந்தக் கூடத்துலே அன்னிக்கு அது ஒண்ணுதான் உண்மை.

அத்தோட உட்கார விட்டிருக்கலாம். காஞ்சனா வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவர் ஒரு பெரிய மனுஷத் தோரணையிலே அண்ணனைப் பார்த்து, “தம்பி, உங்களுக்கு இன்னும் சர்வீஸ் எவ்வளவு இருக்கு?”ன்னு கேட்டுட்டார்.

சூசை அண்ணன் வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தாரோ தெரியாது. கூட வந்த ரெண்டு பேரும் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுட்டாங்க. நான் முந்திக்கிட்டேன். சிரிச்சுக்கிட்டே, “சூசை அண்ணனுக்கா? அவருக்கு நிறைய இருக்கு. அவரைக் கம்பெனி லேசிலே விடுமா?”ன்னேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். இவர் அந்த மாலைக்குள்ளேர்ந்து அண்ணனைப் பார்த்தார். அப்புறம் அண்ணன், “ஆமாங்க சார், இருக்கு”ன்னார்.

அவ்வளவுதான். யாரும் யாரையும் அடிக்கலை. போண்டா நல்லா இருந்ததுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இவரைப் பேசச் சொன்னதுக்கு எழுந்து கும்பிட்டுட்டு உட்கார்ந்துட்டார். பேச்சு வரலை, உணர்ச்சிவசப்பட்டுட்டார்னு காஞ்சனாவே கண்ணைத் துடைச்சா. அண்ணன் கிளம்பும்போது மிச்சம் இருந்த போண்டாவைப் பொட்டலம் கட்டி, பிள்ளைங்களுக்குக் கொடுங்கன்னு கையிலே கொடுத்தேன். மறுநாள் காலையிலே பார்த்தா பொட்டலம் எங்க காம்பவுண்ட் சுவர் மேலே இருந்தது. எறும்பு மொய்ச்சுக்கிட்டு. மறந்து வச்சுட்டுப் போயிட்டார்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எல்லாரும் போன அப்புறம்தான் இவர் அதைச் சொன்னார், நான் வந்ததும் உங்ககிட்டே சொன்னேனே, அதை. மாலையைக் கழட்டி அந்த நாற்காலி மேலேயே போட்டுட்டுப் போயிட்டார். அது அங்கேயே கிடந்து வாடிச்சு. நான் எடுக்கலை, அவரே எடுக்கட்டும்னு. அவரும் எடுக்கலை. கடைசியிலே வேலைக்காரி எடுத்தா.

இப்போ காலையிலே இவர் மாடிப்படியிலேர்ந்து இறங்கி ஒரே ஒரு தடவை கேட் வரைக்கும் வருவார். முன்னே வண்டி வருமே, அந்த நேரத்துக்கு. போனைக் கையிலே வச்சுக்கிட்டு நிப்பார். தெருவிலே போறவங்க, “என்ன சார், ஜாலியா, இனிமே தினம் ஞாயித்துக்கிழமை”ம்பாங்க. தலையை ஆட்டிட்டு மறுபடியும் படிக்குப் போயிடுவார்.

இன்னொண்ணு சொல்றேன். இதை அவர்கிட்டேயே சொல்லலை, உங்ககிட்டேதான் முதல்லே. பின்தெருவிலே முத்தையான்னு ஒருத்தர், துவாக்குடி எஸ்டேட்லே சொந்தமா சின்ன யூனிட் வச்சிருக்கார். அன்னிக்கு வந்து போண்டா சாப்பிட்டுட்டுப் போனார். போன வாரம் எங்க கேட் பக்கத்துலே நின்னு, “வெல்டிங் பார்த்துச் சொல்ல நம்பிக்கையா ஒருத்தர் தேடிக்கிட்டிருக்கேன்மா. உங்க சாரே வேலை போதும்னு விட்டுட்டார், இல்லேன்னா அவரைத்தான் கேட்டிருப்பேன்”ன்னார். நான் என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க? அவர் விடலை சார், விட வச்சாங்கன்னு சொல்லியிருக்கணும். நாலு பேர் மாலையைப் பார்த்திருக்காங்க சகாயம். அந்த மாலையை இப்போ யார் கழட்டறது? “ஆமா சார், அவருக்கு இனிமே ரெஸ்ட்தான்”னேன். இங்கிலீஷ்லே ஒரு தேங்க்யூவும் சொன்னேன்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டா அந்தப் படியிலேர்ந்தும் எழுந்து போயிடுவார். அதுக்கு மேலே எங்கே போவார், மொட்டை மாடிதான். மொட்டை மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நான் இடுப்பிலே சொருகி வச்சிருக்கேன். ராத்திரிகூட எடுக்கறதில்லை. பெரிசா காரணம் ஒண்ணுமில்லை. குரங்கு வருது.

ஏன் கையை நிறுத்திட்டீங்க? பிரிங்க, பிரிங்க. நான் வந்ததிலேர்ந்து என்னமோ தையலைப் பிரிச்சுக்கிட்டே இருக்கீங்களே, என்னன்னு இப்போதான் பார்க்கறேன். அந்தச் சட்டைதானா? கம்பெனி பேரை எடுத்துட்டா நல்ல சட்டைதான். துணி கெட்டித் துணி. பேர் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் தெரியும், வெயில் படாத இடமில்லையா. தோய்க்கத் தோய்க்கச் சரியாயிடும்.

நான் மன்னிப்புக் கேட்கறதுக்கு வரலை சகாயம். கேட்டுப் பழக்கமில்லை, கேட்டா நாடகம் மாதிரி இருக்கும். ஒரு நாடகம் போட்டதே போதும். முத்தையாகிட்டே நான் போய்ப் பேச முடியாது, எனக்கு நாக்கு வராது. அண்ணன் போய்ப் பேசலாம். தனக்கும் கேட்கலாம், அங்கே ரெண்டு பேருக்கு இடம் இருக்கும். இவருக்காகவும் பேசலாம். நடந்தது நடந்த மாதிரியே சொல்லலாம், என் பேரையும் சேர்த்துத்தான். நான் கோவிச்சுக்க மாட்டேன். அதுகூட அப்புறம் ஆகட்டும். முதல்லே அந்தப் படியிலே இவர் பக்கத்துலே வந்து ஒருத்தர் உட்காரணும். நான் உட்கார்ந்து பார்த்தேன். அவர் எனக்கு வழி விடற மாதிரி நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நீங்க ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறீங்க. நானா இருந்தா இந்நேரம் வெளியே அனுப்பியிருப்பேன். அந்த வகையிலே நீங்க நல்லவங்க.

சரி, கிளம்பறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு.

சூசை அண்ணே, நீங்க உள்ளேதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். திரை ஆடறது இங்கேர்ந்து தெரியுது. வெளியே வர வேண்டாம், அங்கேர்ந்தே கேளுங்க. நாளைக்குக் காலையிலே எப்பவும் போல வாங்க. எங்க வீட்டுக்குள்ளே வர வேண்டாம்னா வராதீங்க, வண்டியை விட்டுக்கூட இறங்க வேண்டாம். மிஸ்டு கால் வேண்டாம் அண்ணே. ஹாரனை அடிங்க. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அடிங்க, அவர் எழுந்து வர்ற வரைக்கும் அடிங்க.

யூனிஃபார்ம் வேண்டாம். சாதாரண சட்டையிலே வாங்க.

அண்ணே, கேட்குதா?